குப்பைமேட்டுக் கிருமி

— இன்னொரு தடவை சொல்லு. எங்கேர்ந்து வந்ததுன்னு சொன்ன?

— எங்கேர்ந்து வந்ததுன்னு இன்னும் சொல்லலை சார். குப்பைமேட்டு மண்ணுலேர்ந்து வரலைன்னு மட்டும்தான் சொன்னேன்.

— அப்போ வானத்துலேர்ந்து குதிச்சதா? பிளாஸ்டிக்கைத் தின்னு தீர்க்கற கிருமி, குப்பைமேட்டுல கண்டுபிடிச்சோம்னு ஊருக்கே சொல்லியாச்சு. பூட்ஸ் போட்டுக்கிட்டு நான் குப்பை மேல நிக்கற போட்டோ பேப்பர்ல வந்தாச்சு. நகராட்சியில கூப்பிட்டு கேடயம் குடுத்தாச்சு. கிருமிக்கு என் பேரையே வச்சாச்சு. நாளைக்கு உனக்கு பிஎச்டி வைவா. இன்னிக்கு வந்து மண்ணுல இல்லைன்னா என்னம்மா அர்த்தம்?

— மண்ணுல இல்லைன்னு அர்த்தம் சார்.

— கிண்டலா?

— சேச்சே. கைடுகிட்ட போய் ஸ்காலர் கிண்டல் பண்ணுவாளா? எனக்கு டிகிரி வேணும் சார்.

— பேசிக்ஸ்மா, பேசிக்ஸ். நீ மண்ணை ஒழுங்கா எடுத்திருக்க மாட்ட. உங்க பேட்ச்ல எவனுக்கு ஒரு வேலை ஒழுங்கா வந்திருக்கு?

— வெளியிலேர்ந்து வர்ற எக்ஸாமினர்தான் புதுசா மண்ணெடுத்து இன்னொரு தடவை செஞ்சு பார்க்கச் சொல்லி மெயில் போட்டார். நானே போய் மூக்கைப் பொத்திக்கிட்டுத் தோண்டினேன். பத்துப் பதினைஞ்சு இடத்துல. ஒண்ணுலயும் நம்ம ஆள் இல்லை. என்னென்னமோ கிருமி வந்துச்சு, எதுவும் பிளாஸ்டிக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

— அப்போ இத்தனை வருஷமா நம்ம லேப்ல கிருமி வளர்க்கற பிளேட்ல வளர்ந்தது?

— அது நல்லாத்தான் சார் வளருது. மண்ணு போட்ட பிளேட்ல வளருது. பிரஷர்ல வேகவச்சு, ஒரு கிருமியும் மிச்சமில்லாம செத்துப்போன மண்ணுலயும் வளருது. மண்ணே போடாத வெறும் பிளேட்லகூட வளருது. ரொம்பக் கெட்டிக்காரக் கிருமி சார், உங்க பேரைக் காப்பாத்துது.

— தண்ணில கலந்திருக்கும். இல்லைன்னா அந்த ஜூனியர் பொண்ணு. அவ கிளவுஸ் போடாமலே எல்லாத்தையும் தொடறா, நானே பார்த்திருக்கேன்.

— முதல்ல நானும் அவளைத்தான் திட்டினேன். பாவம், அழுதுட்டா. அப்புறம் தண்ணியைப் பார்த்தேன், ஏசியைப் பார்த்தேன், கதவுப் பிடியைக்கூட விடலை. ஒண்ணுலயும் இல்லை. போன மாசம் நீங்க வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போயிருந்தீங்கள்ல, அப்போதான் அந்தப் புது மண்ணைப் போட்டேன், லேப்ல ஒரு பிளேட்லயும் அது தலைகாட்டலை. நீங்க திரும்பி வந்து, விருந்தாளிங்களுக்கு செஞ்சு காட்டறேன்னு மூடியைத் திறந்து வச்சுக்கிட்டு அரைமணி நேரம் சொற்பொழிவு பண்ணீங்களே...

— விளக்கம் குடுத்தேன்.

— விளக்கம்தான் சார். அந்த விளக்கத்துல நனைஞ்ச பிளேட் அத்தனையிலயும் வந்துச்சு.

— தற்செயல்மா. இதையெல்லாம் அறிவியல்னு என்கிட்ட கொண்டு வராத.

— நானும் தற்செயல்னுதான் நினைச்சேன், உங்க காபிக் கப்பைப் பார்க்கற வரைக்கும்.

— என் கப்புக்கு என்ன?

— லேப் மேசை மேல வச்சிட்டுப் போயிருந்தீங்க. ஓரத்துல பஞ்சால ஒத்தியெடுத்து வளர்த்தேன்.

— ஒரு மனுஷன் குடிச்சுட்டு வச்ச கப்பை... உனக்கு வெட்கமா இல்லை?

— லேப்ல எதையும் சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது, திறந்த பிளேட்டுக்கு மேல பேசக்கூடாதுன்னு முதல் வருஷம் முதல் வகுப்புல சொல்லிக் குடுத்தது நீங்கதான் சார். அதையும் ஒரு திறந்த பிளேட்டுக்கு மேல நின்னுதான் சொன்னீங்க.

— டிஎன்ஏ பார்த்தியா?

— பார்த்தேன். கப்புல வளர்ந்ததும் பிளேட்ல வளர்ந்ததும் ஒண்ணுதான் சார். ஒரு எழுத்துகூட மாறலை. நம்ம குப்பைமேட்டுக் கிருமி உங்க வாயிலதான் குடியிருக்கு.

— உயர்படிப்புன்னு சேர்ந்து இத்தனை வருஷமா என்கிட்ட நீ கத்துக்கிட்டது இதுதானா? கைடோட எச்சிலை ஆராயறது?

— வேற நிறையக் கத்துக்கிட்டேன் சார். பிளேட்ல வளர்ற செல்லுக்கு ஞாயித்துக்கிழமை லீவு கிடையாதுன்னு கத்துக்கிட்டேன். அதுக்கு நேரத்துக்கு சாப்பாடு போட்டுட்டு நான் பட்டினி கிடக்கக் கத்துக்கிட்டேன். ஜீனை வெட்டி ஒட்டக் கத்துக்கிட்டேன், ஒட்டலைன்னா கம்பெனிக்காரன் அனுப்பின மருந்து சரியில்லைன்னு சொல்லவும் கத்துக்கிட்டேன். நல்லா வந்த படத்தை தீசிஸ்ல போடணும், வராத படத்துக்கு மேலும் ஆய்வு தேவைன்னு எழுதணும். இதெல்லாம் எந்த சிலபஸ்ல இருக்கு சார்? எல்லாம் உங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான்.

— வாய் நீளுது.

— என் வாய்ல ஒண்ணும் இல்லை சார், அதையும் பஞ்சால ஒத்திப் பார்த்துட்டேன். லேப்ல எல்லாரோடதையும் பார்த்தாச்சு.

— சரி விடு. இங்க பாரு. நாளைக்கு நீ அந்தக் கப்பைப் பத்தி வாயைத் திறக்காத. பழைய மண்ணுல வந்ததுன்னு சொல்லு, புதுசுல சீசன் சரியில்லைன்னு சொல்லு. கேள்வி கேட்டா நான் சமாளிச்சுக்கறேன். டிகிரியை வாங்கிட்டுப் போயிரு. அப்புறம் பொறுமையா ஒரு திருத்தம் போட்டுக்கலாம்.

— எப்போ சார், நீங்க ரிட்டயர் ஆனதுக்கப்புறமா?

— உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.

— தெரியும் சார். என் அப்பா வீட்டு வாசல்ல மாட்டறதுக்கு இப்பவே போர்டு எழுதக் குடுத்துட்டார், பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டு. எதிர்வீட்டு அம்மா ஜுரத்துக்கு மாத்திரை கேட்டு வர்றாங்க. நான் கிருமி டாக்டர், மனுஷ டாக்டர் இல்லைன்னு சொன்னா, கிருமியால வந்த ஜுரம்தான் இதுன்றாங்க. அந்த டிகிரி எனக்கு எவ்வளவு வேணும்னு உங்களுக்கு ஒருநாளும் புரியாது. ஆனா பொய் சொல்லி வாங்க முடியாது சார். ரெண்டு நாளா தூக்கமே இல்லை. இங்க வர்ற வரைக்கும் அழுதுக்கிட்டேதான் வந்தேன்.

— அழாதம்மா. அழற அளவுக்கு என்ன ஆயிடுச்சு? அது பிளாஸ்டிக்கைத் தின்னுதா இல்லையா? அது பொய் இல்லையே?

— தின்னுது. சத்தியமா தின்னுது. கப்புலேர்ந்து எடுத்ததையும் பிளாஸ்டிக் தாள் மேல விட்டுப் பார்த்தேன், வரிசையா ஓட்டை போட்டிருக்கு.

— அப்புறமென்ன? மண்ணுல கிடைச்சா என்ன, மனுஷன் வாயில கிடைச்சா என்ன? உண்மையையே சொல்லிட்டுப் போ. எனக்குக் கொஞ்சம் மானம் போகும், போகட்டும். கேடயத்தைத் திருப்பிக் குடுத்துடறேன்.

— நாளைக்கு உண்மையைச் சொல்றதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன் சார். சொன்னாலும் தேற மாட்டேன், அதான் அழுகை. எக்ஸாமினர் முதல் கேள்வியே இதைத்தான் கேட்பார். குப்பைமேட்டுல மலை மலையா பிளாஸ்டிக் கிடக்கு, அங்க இருக்கற கிருமி அதைத் தின்னப் பழகிக்கும், சரி. வாய்க்குள்ள இருக்கறதுக்கு அந்தப் பழக்கம் எப்படி வரும்? கண்டிப்பா வேற எங்கேயோலேர்ந்து தவறி வந்து கலந்திருக்கு, மொத்தமும் குளறுபடின்னு தீசிஸைத் தூக்கிக் கையில குடுத்துடுவார். அவர் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

— வாய்க்குள்ள பிளாஸ்டிக்கா...

— ஏன் சார் கையால வாயைப் பொத்திக்கறீங்க? இத்தனை வருஷத்துல நீங்க வாயைப் பொத்தி நான் பார்த்ததே இல்லையே. வாயில ஏது சார் பிளாஸ்டிக்?

— அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திட்டு வா.

— சாத்திட்டேன் சார்.

— இது என் பெண்டாட்டியையும் வக்கீலையும் தவிர யாருக்கும் தெரியாது. மேல் வரிசை பூரா பல்செட்டும்மா. இத்தனை வருஷமா எத்தனை செட் மாத்தினாலும் மாட்டின சில மாசத்துலயே ஓட்டை ஓட்டையா அரிச்சுப் போகுது, மட்டமான பிளாஸ்டிக்கை என் தலையில கட்டிட்டான்னு அந்தப் பல் டாக்டர் மேல கேஸே போட்டிருக்கேன்.