உயிருடன் இருக்கிறார்

உப்பளப் பக்கம் பத்து மணிக்கு மேல் வந்தால் கண் கூசும், டாக்டரம்மா. அடுத்த முறை காலையிலேயே வந்துவிடுங்கள். கேட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

எட்டு வருடத்துக்கு முன் உங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்குக் கொடுத்த வேலை இதுதான். வளைகுடாவில் ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் உழைத்துத் திரும்பியவர்களில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள், எதனால் போனார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். மரக்காணம் தொடங்கிக் கோட்டக்குப்பம் வரை என் பட்டியலில் அறுபத்து நான்கு பெயர்கள்.

முதலில் இறந்தவர் என்று நான் கண்டது சுப்ராயனை. அவர் மனைவி சுலோசனா என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தாள்.

“இறந்துட்டாருன்னு எழுதாதீங்க சார். பெரியவனுக்கு அதே கம்பெனில விசா வந்திருக்குது. அப்பனுக்கு பிளட் கேன்சர்னு தெரிஞ்சா புள்ளைய எடுப்பாங்களா?”

‘உயிருடன் இருக்கிறார்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஒருவருக்கு உதவிய திருப்தியோடுதான் அன்று வீட்டுக்குப் போனேன்.

அடுத்தவர்கள் யாரும் அப்படி எழுதச் சொல்லி என்னைக் கேட்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் நகல் வேண்டும், ஆஸ்பத்திரிக் காகிதம் வேண்டும், அதற்குப் புதுச்சேரிக்கு இரண்டு மூன்று நடை. வீட்டுப் பெண்கள் அழுவார்கள். அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உயிரோடு இருந்தால் ஒரு டிக், ஒரு கையெழுத்து. குயிலாப்பாளையத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்றபோது உள்ளே மாலை போட்ட படம் தெரிந்தது. கதவைத் தட்டவில்லை. ஆறத் தொடங்கிய துக்கத்தை எதற்குக் கிளற வேண்டும் என்று வண்டியைத் திருப்பிவிட்டேன். கையெழுத்தை நானே போட்டேன்.

அப்படி மொத்தம் பத்தொன்பது பேர்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். பக்கத்துக் கடைகளில் விசாரித்தாலே சொல்லிவிடுவார்கள். செத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் எண்ணெய் டேங்குக்குள் இறங்கிக் கழுவியவர்கள். ஈறில் ரத்தம், தொட்ட இடமெல்லாம் நீலம், ஐம்பதைத் தாண்டவில்லை. எல்லாம் ஒரே மாதிரிதான்.

மறு வருடம் உங்கள் அறிக்கை வந்தது. அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களின் சாவு, அதே வயதுள்ள மற்றவர்களைவிடக் குறைவு என்று அதில் இருந்தது. பேப்பரிலும் போட்டார்கள். அந்தப் பேப்பரைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

அந்த ஐப்பசியில் என் தங்கை வைஜெயந்தி வந்தாள். அவள் புருஷன் வெற்றிச்செல்வன் உப்பளத்தில் உப்பு வாருகிறவன். மழை இறங்கினால் நான்கு மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவனுக்கு அதே ஆலையில் டேங்க் கழுவ ஆள் கேட்டிருந்தார்கள்.

“அண்ணா, அங்க போனவங்க சீக்கிரம் செத்துப் போறாங்கன்னு சொல்றாங்க. இவரு பயப்படுறாரு. நீதானே ஊர் ஊரா கேட்டு எழுதின? நீ சொல்லு, அனுப்பட்டுமா?”

பேப்பரை எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

வெற்றிச்செல்வன் வாசலிலேயே நின்றான். “மச்சான், நீ போகலாம்னு சொன்னா போறேன். எனக்குப் பேப்பர்லாம் வேணாம்.”

“போ மாப்ளே” என்றேன்.

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். சொன்னால் அந்தப் பத்தொன்பதையும் சொல்ல வேண்டிவரும். அது அவர்கள் குடும்பங்களுக்கு நல்லதல்ல. தவிர, டேங்க் கழுவிய எல்லாருமே சாகவில்லையே.

ஐந்து வருடம் கழித்து வந்தான். படி ஏற மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் நான்தான் கூட இருந்தேன். மூன்று முறை ரத்தம் கொடுத்திருக்கிறேன், வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள். போன வருடம் சித்திரையில் போய்விட்டான். நாற்பத்து நான்கு வயது. வைஜெயந்தி என் தோளில் சாய்ந்து, “நீ இல்லன்னா நான் என்னா பண்ணியிருப்பேன் அண்ணா” என்று அழுதாள். நான் தட்டிக்கொடுத்தேன்.

இந்த வருடம் இரண்டாம் சுற்றுப் பட்டியல் வந்தது. புதுப் பெயர்களில் அவனுடையதும் இருந்தது. நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்களே, அந்தப் படிவம்தான். இவன் ஒருவனை மட்டும் இறந்தவன் என்று எழுதினால் மற்றவர்களையும் தோண்டுவீர்கள். அதனால் இவனுக்கும் அதே ‘உயிருடன் இருக்கிறார்’ கட்டத்தில் டிக் அடித்தேன். நீங்களோ பஞ்சாயத்தின் இறப்புப் பதிவேட்டை வாங்கிப் பார்த்துவிட்டீர்கள்.

ஆமாம், அதை எழுதியது நான்தான். மற்ற பத்தொன்பதும் நான்தான். அவனைப் போகச் சொன்னதும் நான்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவன் படிவத்தின் கடைசிக் கேள்வியைப் பற்றிக் கேட்கிறீர்கள். உங்கள் குடும்பத்தில் இன்னொருவரை இந்த வேலைக்கு அனுப்புவீர்களா என்ற இடத்தில் ‘ஆம்’ என்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவன் வேறு மாதிரித்தான் சொன்னான். என் கையைப் பிடித்துக்கொண்டு, “மச்சான், என் புள்ளைய மட்டும் அங்க அனுப்பிடாத” என்றான். ஆனால் அன்று அவனுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல், டாக்டரம்மா. காய்ச்சலில் இருப்பவன் சொல்வதை நான் பதிவு செய்வதில்லை. அப்படி எழுதினால் தகவல் தப்பாகிவிடும்.