கோமகளின் வெண்பட்டு

பால் விஷயத்தில் நான் ஒருநாளும் கஞ்சத்தனம் பார்த்ததில்லை, ஐயா. ஆண்ட்வெர்ப் நகரில் வேறெந்த ஓவியனும் வண்ணம் அரைப்பவளுக்குக் காலையில் ஒரு குவளை, மாலையில் ஒரு குவளை என்று கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஈய வெள்ளையின் தூசு நஞ்சு. பால் அதை முறிக்கும் என்பார்கள். சின்னதாக ஒரு ஜெபம் சொல்லி, எனக்கு வண்ணம் அரைத்த மாக்டெல்டுக்கு நானே ஊற்றிக் கொடுப்பேன்.

கலகலப்பான விதவை அவள். கோமகளின் உருவப்படத்தில் வெண்பட்டு உடையை நான் தீட்டிய மாதங்களில் பட்டறை முழுக்கச் சிரிப்புதான்.

"எசமான், இன்னும் எத்தனை சட்டி வெள்ளை அரைக்கணும்? கவுனு நீளுதா, இல்ல அந்தம்மா இடுப்பு பெருக்குதா?"

"மெதுவா பேசும்மா. அடுத்த அறையில உக்காந்திருக்காங்க."

"கேக்கட்டுமே. அவங்க உடுத்தியிருக்கற பட்ட எவனோ நெய்ஞ்சான். படத்துல உள்ள பட்ட நெய்யுறவ நான்தான?"

உண்மைதான். அவள் அரைத்த வெள்ளை தூரிகையில் வெண்ணெய்போல் வழுக்கும். வேறு யார் அரைத்தாலும் நறநறக்கும், பட்டு சாக்குத்துணியாகிவிடும்.

இலையுதிர் காலத்தில் அவளுக்கு வயிறு முறுக்கியது. பிறகு வலது கை மணிக்கட்டிலிருந்து துவண்டு தொங்கியது.

"பாருங்க எசமான், கோமகளக் கண்டதும் கை தானா கும்புடு போடுது!"

நானும் சிரித்தேன். அந்தக் கையைக் குழவியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். தோல் உரியக்கூடாதே என்று மெல்லிய துணியாகத் தேர்ந்தெடுத்தேன்.

இந்த வேலையை விட்டால் பிழைப்பாள் என்றார் வைத்தியர். மெக்லன் ஊரில் ரொட்டிக்கடை வைத்திருந்த தங்கைக்கு, அங்கே வந்து இருக்கலாமா என்று கேட்டு எழுதச் சொன்னாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொன்னதை ஒரு சொல் குறையாமல் எழுதி அனுப்பினேன்.

பதில் வந்தபோது, உடையின் இடது கை மட்டும் தீட்ட மீதியிருந்தது.

"என்ன சொல்றா என் தங்கச்சி?"

"இந்தக் குளிர்காலத்துக்கு இடமில்லையாம்மா. வசந்தத்துல பாக்கலாம்ங்கறா."

"பாவம், அவ வீடும் சின்னதுதான்" என்று சொல்லிவிட்டு, அரைகல்லுக்குத் திரும்பிப் போனாள்.

தவக்காலத்தில் மாக்டெல்ட் இறந்தாள். படம் அதற்கு முந்தின வாரமே முடிந்திருந்தது. கோமகளுக்கு மிகவும் பிடித்துப்போனது.

தங்கை உங்களிடம் சொன்னது சரிதான், ஐயா. "உடனே கிளம்பி வா, வண்டி அனுப்புகிறேன்" என்றுதான் அவள் எழுதியிருந்தாள். நான்தான் மாற்றி வாசித்தேன். ஆனால் மாக்டெல்டின் மனம் நோகக்கூடாதென்று, கூடிய வரையில் இதமாகவே வாசித்தேன்.