கால் எடுத்தால் மிஷின் நிற்கும்

மேலே எழுதியுள்ள பெயரும் வயதும் முகவரியும் என்னுடையவை. நான் திருமணமாகி மாமியார் வீட்டில் வசித்து வருகிறேன். விபத்தில் வலது கையை இழந்தவள் என் கணவரின் தங்கை. அவள் கவனக்குறைவாக இருந்தாள் என்று கம்பெனி சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்காகவே இந்த வாக்குமூலம் கொடுக்கிறேன்.

நானும் அவளும் தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தோம். பள்ளியும் சலவைக் கம்பெனியும் சேர்ந்து நடத்தும் பயிற்சி அது. பள்ளியில் இருக்கும் மிஷினும் கம்பெனி கொடுத்ததுதான். ஈரமான படுக்கை விரிப்பை உள்ளே விட்டால், சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே போய்ச் சுருக்கமில்லாமல் வெளியே வரும். படிக்க வருகிறவர்கள் புதியவர்கள் என்பதால், பெடலை மிதித்திருக்கும் வரைதான் ஓடும்படி கம்பெனி மெக்கானிக் அதை மாற்றிக் கொடுத்திருந்தார். காலை எடுத்தால் நின்றுவிடும். "பயந்தா முதல்ல காலைத் தூக்குங்க, கடவுளை அப்புறம் கூப்பிட்டுக்கலாம்" என்பார் ஆசிரியை. திடீரென்று கை தட்டுவார், நாங்கள் காலைத் தூக்க வேண்டும். எப்போதும் முதலில் தூக்குவது என் நாத்தனார்தான். வீட்டில் நான் கோபத்தில் பாத்திரத்தை டமாலென்று வைத்தால்கூட ஒற்றைக் காலைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பாள்.

அதன் பிறகு இருவரும் ஒரே நாளில் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தோம். "உங்க ஸ்கூல்ல இருக்கற அதே மிஷின்தான். பெடல் மட்டும் இங்க வேற மாதிரி, மிதிச்சா நிக்கும். அவ்வளவுதான்" என்றார் சூப்பர்வைசர். நாங்களும் தலையாட்டினோம். எங்களுக்குப் புரியாமல் இல்லை.

சம்பவத்தன்று சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்ததும், அவள் விட்ட விரிப்பின் ஓரம் மடிந்திருந்தது. அதைக் கையால் நீவினாள். துணி விரல்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே இழுத்தது. அவள் அலறினாள். நான் பக்கத்து மிஷினில் இருந்து திரும்பியபோது அவள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு துணி மடிக்கும் பெண் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள். அதன் பிறகு உருளையைக் கழற்ற மெக்கானிக் வந்தார். பள்ளி மிஷினை மாற்றிக் கொடுத்த அதே மெக்கானிக்தான். அழுதுகொண்டேதான் கழற்றினார். விரிப்பு மறுபக்கம் சுருக்கமில்லாமல் பாதி வெளியே வந்திருந்தது.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஆசிரியை வந்தார். வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவனக்குறைவுன்னு அவங்க சொன்னா நீ மறுத்துப் பேசாதம்மா. இந்தக் கம்பெனியும் கைவிட்டா மத்த பிள்ளைங்களுக்கு வேலை கேட்டு நான் எங்க போவேன்?" என்று அழுதார். அவர் கெட்டவர் அல்ல. ஆனாலும் என் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனேன்.

நாத்தனார் கண் விழித்திருந்தாள். கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணி, நான் காலைத் தூக்கினேன்ல?" என்று மட்டும் கேட்டாள். "தூக்கினடி. நீதான் முதல்ல தூக்கின" என்று சொன்னேன். சரி என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்று விசாரணை அதிகாரிகள் என்னைக் கம்பெனிக்கு அழைத்துச் சென்று, அணைத்து வைத்திருந்த அதே மிஷின் முன்னால் நிறுத்தி, எப்படி நிறுத்துவது என்று காட்டச் சொன்னார்கள். பெடல் மேல் காலை வைத்து, இதை மிதித்தால் நிற்கும் என்று சரியாகவே சொன்னேன். அப்போது பின்னால் யாரோ இரும்புக் கதவை அடித்துச் சாத்தினார்கள். எல்லோரும் கீழே பார்த்ததால் நானும் பார்த்தேன். என் கால் பெடலை விட்டு மேலே தூக்கியிருந்தது. அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

நான் கண்டதையும் எனக்கு நேர்ந்ததையும் தவிர இதில் வேறொன்றும் சேர்க்கவில்லை. படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருந்தது.

(கையொப்பம்)