ஜடையன் அண்ணனின் விதையும் என் சோதனைத் தாளும்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவி பாக்கியலட்சுமி அம்மாள் அவர்களே, கொள்ளேகாலில் பஸ் மாறி மைசூருக்கு வந்திருக்கும் ஹனூர் விவசாயிகளே, முன்வரிசையில் இருக்கும் பசம்மா அக்கா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. சங்கத்தில் விதைச் சோதனை செய்பவள் என்பதால் கூப்பிட்டார்கள். மறைத்து வைத்த ஒன்றைச் சொல்லத்தான் எழுந்து வந்தேன்.

பசம்மா அக்காவின் கணவர், நம் விதைப் பொறுப்பாளர் ஜடையன் அண்ணன் சென்ற வாரம் நம்மை விட்டுப் போனார். இந்த நினைவுக் கூட்டத்தின் அழைப்பிதழில் ‘முன்னாள் பொறுப்பாளர்’ என்று போட்டிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

கன்னடத்தில் கொரலே என்பார்கள், நாம் குலசாமை என்போம். அந்தச் சிறுதானியத்தை வெறும் புல்லென்று பிடுங்கி எறிந்தவர்கள் எத்தனை பேர்! வேறெதுவும் விளையாத புளியமர நிழலில் அதை விளைவித்துக் காட்டியவர் யார்? ஜடையன் அண்ணன். கேட்ட வீட்டுக்கெல்லாம் விதை கொடுத்தவர் யார்? ஜடையன் அண்ணன். அந்த விதை ஆகாது என்று எழுதியது யார்? நான்.

இரண்டு வருடங்களுக்கு முன், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். அப்போதுதான் அறுத்துக் கொண்டுவந்த அவருடைய விதையில் நூறு எண்ணி ஈரத்தாளில் வைத்தேன். பதினொன்றுதான் முளைத்தது.

“அம்மிணி, அறுத்த சூட்டுல மொளைக்காது. நாலு மாசம் மூட்டையில கெடக்கோணும்” என்றார்.

“புத்தகத்துல அப்படி இல்லைங்கண்ணா” என்றேன். புத்தகத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கம் வரை படிக்கவில்லை.

சங்கக் கூட்டத்தில் யாரோ, “ஏனப்பா ஜடையா, உன்ற வெதையும் உன்னயாட்டவே தூங்குதா?” என்றார்கள். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஏழு மூட்டை விதையும் அரிசியாக்க மில்லுக்குப் போனது. பொறுப்பு வேறொருவருக்குப் போனது.

நான்கு மாதம் கழித்து, மிஞ்சியிருந்த பொட்டலத்தை மறுபடி சோதித்தேன். தொண்ணூற்றொன்று முளைத்தது! அந்தத் தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கிடைத்த வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அதன்பிறகு அண்ணன் அலுவலகத்துக்கு வந்தபோதெல்லாம் கணினிக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

இன்று காலை, இந்த மண்டப வாசலில், அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

“அவருக்குத் தெரியுங் கண்ணு. ஊட்டுல இருந்த வெதைய அடுத்த மழைக்கே போட்டாரு, அத்தனையும் மொளைச்சுது. ‘வெளிய சொன்னா அந்தப் புள்ளைக்கு வேலை போயிரும், நீயும் வாயத் தொறக்காத’ன்னுட்டாரு.”

இரண்டு வருடம்! ஊரின் கேலியை அவர் சுமந்தார், நான் சம்பளம் வாங்கினேன்.

என் வேலையைப் பற்றித் தலைவி அம்மாள் முடிவு செய்யட்டும். அண்ணனின் விதையை வேண்டாமென்று சொன்ன இருபத்து மூன்று வீடுகளுக்கும் நானே வருகிறேன். மறைத்த அந்தத் தொண்ணூற்றொன்றை ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்கிறேன். இந்த மழைக்கு உங்கள் நிலத்தில் அவருடைய விதைதான் விழ வேண்டும்.

அது இப்போது அக்காவின் வீட்டில் மட்டுமே இருக்கிறது. காலையில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன்.

அக்கா, அண்ணனுடைய விதையை என் கையில் கொடுப்பீர்களா?