உட்காரச் சொன்னவள்

விடியற்காலை மூன்று மணி இருக்கும். ஆள் அரவமே இல்லாத சாலை… தெருவிளக்கு ஒன்று விட்டு ஒன்று எரிகிறது. ஒரு பெண் ஓட்டமும் நடையுமாகப் போகிறாள். காலில் செருப்பு இல்லை. வாய் மட்டும் ஓயாமல் முணுமுணுக்கிறது. "இல்ல… இல்ல… யாருமில்ல…"

அவள் என்னோடு வேலை பார்ப்பவரின் சித்தி மகள். பொய் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கா… வேண்டாம். உட்காருவதும் நிற்பதும் உங்கள் இஷ்டம். இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் நான் யாரையும் உட்காரச் சொல்வதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

வயதானவர்களை அவர்கள் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்வது அவள் வேலை. உடம்பு துடைத்துவிடுவது, டயப்பர் மாற்றுவது, ஸ்பூனால் ஊட்டுவது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது… எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் செய்வாள். யார் என்ன சொன்னாலும் "சரிம்மா", "சரிங்க". கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு 'சரிக்கா' என்றே பேர் வைத்துவிட்டார்கள். தலையில் கல்லைத் தூக்கிப் போட்டாலும் சரி என்பாள் என்று கிண்டல் வேறு.

அந்தச் 'சரி' சும்மா வந்ததில்லை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. மறதி நோய் வந்தவர்களிடம் 'இல்லை' என்ற வார்த்தையையே எடுக்கக் கூடாது. செத்துப்போன அண்ணன் வந்திருக்கிறார் என்று சொன்னால், "அப்படியா, வரட்டும்" என்று சொல்லவேண்டும். நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணும் என்றால், "பையை எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லவேண்டும். மறுத்துப் பேசினால் பதறிப்போவார்கள், ஒத்துப்போனால் அடங்கிவிடுவார்கள். வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

சரிக்காவுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. புருஷன் போன இடம் தெரியாது. இரவு டியூட்டிக்குப் போகும்போது குழந்தையை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போவாள். குழந்தை தினமும் அழும். தொண்டை கட்டிக்கொள்ளும்வரை அழும். போனில் கூப்பிட்டால், "அம்மா… வா… வா…" அவ்வளவுதான் கேட்கும். அதைக் காதில் வைத்துக்கொண்டு யாருக்கோ டயப்பர் மாற்றவேண்டும்.

எதிர்வீட்டு அக்கா தங்கமான மனுஷி. ஆனால் அவள் வீட்டுக்காரர் தூக்கம் கெட்டுக் கெட்டுச் சலித்துப்போயிருந்தார். ஒருநாள் அக்கா கையைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "இந்த மாசத்தோட வேற இடம் பாத்துக்கடி. நான் என்ன பண்ணுவேன், அவரு மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்காரு." வேறு இடம் என்று ஒன்று இருந்தால்தானே பார்ப்பதற்கு.

அந்த நேரத்தில்தான் அந்த வீடு வந்தது. மாடியில் மகன். கீழே பின்னறையில் அவருடைய அம்மா, எண்பதைத் தாண்டியவர். கை கால் அசையாது, நினைவும் தப்பிவிட்டது. பகலெல்லாம் இருக்கும் இடம் தெரியாது. இருட்டினால் போதும்… ஒரே கத்தல். "வந்துட்டாரு! வந்துட்டாரு!" என்று அறை வாசலைப் பார்த்து அலறுவார். இதற்குமுன் இருந்த பெண்கள் எல்லோரும், "யாருமில்ல, பேசாம படுங்க" என்று பதிலுக்குக் கத்திப் பார்த்துவிட்டு, விட்டால் போதும் என்று ஓடியிருந்தார்கள்.

மகன் முதல் நாளே சொல்லிவிட்டார். "சிஸ்டர், எனக்குத் தூக்கம் வேணும், வேற ஒண்ணும் வேணாம். இந்த மாசம் அம்மா சத்தம் போடாம இருந்தாங்கன்னா, உங்கள பகல் டியூட்டிக்கு மாத்திடுறேன்."

பகல் டியூட்டி! அப்படியென்றால் இரவில் குழந்தை பக்கத்தில் படுக்கலாம். சரிக்காவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இந்த அம்மாவை எப்படியாவது அடக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் மனதில்.

முதல் இரவு. வெளியே மழை. கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவின் கண் வாசலில் போய் நின்றது.

"வந்துட்டாரு."

"யாரும்மா?"

"அவருதான். வாசல்ல நிக்கிறாரு. நனைஞ்சு போயிருக்காரு."

சரிக்கா திரும்பிப் பார்த்தாள். வாசல் காலி. அதற்கு அப்பால் இருட்டு. லேசாக ஒரு வாசனை மட்டும்… மழையில் ஊறின கோணிச் சாக்கு வாசனை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் வந்தால் உட்கார ஓர் இரும்பு மடக்கு நாற்காலி சுவரில் சாய்ந்திருந்தது. அதை எடுத்து விரித்துப் போட்டாள்.

"பாவம், எவ்வளவு நேரம் நிப்பாரு. உள்ள வந்து உட்காரச் சொல்லுங்கம்மா."

அலறுவதற்குத் திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. அந்த அம்மா மெல்ல… மெல்ல… சுவர்ப் பக்கம் திரும்பினார். போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டார். அப்புறம் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அசையாத கை எப்படிப் போர்வையை இழுத்தது என்று சரிக்கா யோசிப்பதற்குள், முதுகுக்குப் பின்னால்… டிணுக்.

யாராவது உட்கார்ந்தாலும் எழுந்தாலும் அந்த நாற்காலி போடும் சத்தம். மழைக் குளிருக்கு இரும்பு அப்படித்தான் சத்தம் போடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

காலையில் மகன் டீயை அவரே போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். "என்ன மந்திரம் போட்டீங்க சிஸ்டர்? எத்தனை வருஷம் ஆச்சு இப்படித் தூங்கி!"

அன்றிலிருந்து அந்த வீட்டில் சத்தமே இல்லை. ஆனால் அந்த அம்மா ஊட்டினால் சரியாக வாய் திறப்பதில்லை. எத்தனை தடவை வாசல் பக்கம் புரட்டிப் படுக்கவைத்தாலும், கை கழுவிவிட்டு வருவதற்குள் சுவர்ப் பக்கம் திரும்பியிருப்பார். ஒரே பக்கம் படுத்து இடுப்பில் தோல் சிவந்துவிட்டது. சில நாள் காலையில் நாற்காலியைத் துடைக்கப் போனால் ஈரம் கையில் ஒட்டும். மகனிடம் சொல்லலாமா என்று மாடிப்படிவரை போவாள். அந்நேரம் பார்த்து, போனில் கேட்ட குழந்தையின் அழுகை நினைவுக்கு வரும். திரும்பி வந்துவிடுவாள். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். வேறு என்ன செய்வாள்?

மாதக் கடைசி. "நாளையிலேருந்து பகல்ல வாங்க சிஸ்டர்" என்று மகன் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். சரிக்கா குழந்தையைக் கூப்பிட்டு, "நாளைக்கு ராத்திரி அம்மா உன் பக்கத்துலதான்டி தங்கம்" என்றாள். மனசு பஞ்சாகப் பறந்தது.

நடுராத்திரி தாண்டி வெகுநேரம் ஆகியிருக்கும். அந்த அம்மா தானாக இந்தப் பக்கம் திரும்பினார். கண் தெளிவாக இருந்தது. மறதி நோய்க்காரர்களுக்கு எப்போதாவது இப்படி ஒரு தெளிவு வரும்.

"ஏம்மா… நீ ஏன் அவர உட்காரச் சொன்ன?"

சரிக்கா நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"மத்தவங்க எல்லாரும் யாருமில்லன்னு சொன்னாங்க. அதுக்குத்தானே நான் கத்துனேன். கூட இருக்கிறவங்க யாருமில்லன்னு சொல்லிட்டா அவரு வாசலத் தாண்ட மாட்டாரு. எங்கம்மா எனக்கு அப்படித்தான் சொல்லுவாங்க. சின்ன வயசுலேருந்து அவர வெளியிலயே நிறுத்தி வச்சிருந்தேன்… நீ ஒரே வார்த்தையில உள்ள விட்டுட்ட."

"அம்மா… உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எந்திரிச்சுப் போகச் சொல்லுங்கம்மா…"

அந்த அம்மா நாற்காலிப் பக்கம் காதைச் சாய்த்தார். கண்ணில் இருந்த தெளிவு மங்கிக்கொண்டே வந்தது. ஒரு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

"போறாராம். உன் கூட வரட்டுமான்னு கேக்குறாரு."

சொல்லிச் சொல்லிப் பழகின நாக்கு… மனசு தடுப்பதற்குள் வந்துவிட்டது.

"சரிம்மா."

டிணுக்.

அந்த அம்மா குறட்டை விட்டுத் தூங்க ஆரம்பித்தார். சரிக்கா மகனை எழுப்ப மாடிக்கான அழைப்பு மணியை அழுத்தினாள், கதவைத் திறந்தாள், ஓடினாள். முதலில் சொன்னேனே, அந்தச் சாலை… அதில்தான். பின்னால் காலடிச் சத்தம் எதுவும் இல்லை. அந்தச் சாக்கு வாசனை மட்டும் கூடவே வந்தது.

தன் தெருமுனைக்கு வந்ததும்தான் அவளுக்கு உறைத்தது. எங்கே ஓடி வந்திருக்கிறோம்? யாரைக் கூட்டிக்கொண்டு? அங்கேயே நின்றுவிட்டாள். விடியும்வரை இங்கேயே நிற்போம், வீட்டுப் பக்கமே போகவேண்டாம் என்று விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அப்போது எதிர்வீட்டிலிருந்து… "அம்மா… வா… வா…"

பெற்றவள் கால் நிற்குமா? போய்விட்டது.

கதவைத் தட்டக்கூட இல்லை. அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காற்றாட நடக்க அக்காவே கதவைத் திறந்தாள். "அடியே, நீயா! என்னடி இந்த நேரத்துல?" என்றவள், சரிக்காவின் தோளைத் தாண்டிப் பார்த்தாள். கலைந்த துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். அன்றைக்கு மழையே இல்லை.

"யாருடி இது, இப்படி நனைஞ்சு போய் நிக்கிறாரு… பாவம், உள்ள வந்து உட்காரச் சொல்லு."

"இல்ல! யாருமில்லக்கா! யாருமில்லன்னு சொல்லு!" சரிக்கா போட்ட கூச்சலில் தெருவே எழுந்துவிட்டது. குழந்தை மட்டும் அழுகையை நிறுத்திவிட்டது.

அவளுக்கு மகன் சொன்னபடியே பகல் டியூட்டி கிடைத்துவிட்டது. இரவில் குழந்தை பக்கத்தில்தான் படுக்கிறாள். விடியவிடிய விழித்துக்கொண்டு, "இல்ல, யாருமில்ல" என்று இருட்டிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அம்மா வந்ததும் பிள்ளை எவ்வளவு சமத்தாகிவிட்டது பார் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். உண்மைதான். குழந்தை இப்போது அழுவதே இல்லை. இருட்டினதும் சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு, மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் படுத்துக்கொள்கிறாள்.