மழையை விரட்டிய கம்பம்

— இங்க ஒரு கல்லு இருந்துச்சே. வெள்ளைச் சிலுவை போட்ட கல்லு. உம்ம அண்ணன் உக்காந்து மீன் பிடிக்கிற கல்லு. அதை எங்க தூக்கிப் போட்டீரு, கொழுந்தனாரே?

— வந்ததும் வராததுமா கல்லைத் தேடுறீங்களே, மதினி. மூச்சு எப்படி வாங்குது பாருங்க. முதல்ல தண்ணி குடிங்க.

— உக்காரத்தானேய்யா கல்லைக் கேக்குறேன். ஏறி வர்றதுக்குள்ள மூணு வாய் கோக்கா இலை மென்னு தீத்தாச்சு. அறுபது வயசுல எனக்கு இது தேவையா, சொல்லும்.

— யாரு உங்களை ஏறச் சொன்னா? பையில என்ன, நல்ல வாசம் வருது?

— அவிச்ச கிழங்கு, வறுத்த சோளம், கொஞ்சம் பாலாடைக்கட்டி. கிழங்கு போன வருஷத்துது. இந்த வருஷத்துக்கு இன்னும் விதைக்கவே இல்லை. மழைக்காலத்துல ஜனவரி பாதி தாண்டிருச்சு. ஒரு தூத்தல் உண்டா?

— இல்லை மதினி. தெரியும்.

— தெரியும்ல. அப்ப இந்த மெல்சோரா ஏன் மலையேறி வந்து நிக்கிறேன்னும் தெரிஞ்சிருக்கும்.

— கம்பத்தைப் பிடுங்கணும்னு பேசிட்டீங்க.

— பேசி முடிச்சு கையும் தூக்கியாச்சு. மத்தியானம் நிக்கனோர் கடப்பாரையோட வர்றான், பின்னால எண்பது பேரு. கீழ ஆக வேண்டியதை முடிச்சாச்சு, மேலதான் பாக்கி. நீரு குறுக்க நின்னு அடி வாங்கிறக் கூடாதுன்னு முன்னாடியே வந்தேன். ஊர்த்தலைவியா வரலை, மதினியா வந்திருக்கேன். போர்வை, சட்டி பானையை எடுத்துட்டுக் கிளம்பும்.

— என்னை இங்க காவலுக்குல்ல வச்சிருக்காங்க.

— சரி, காவல்காரரே. ஒண்ணு கேக்குறேன், கோவிக்கக் கூடாது. கம்பத்துல மாட்டியிருக்கிற இந்தப் பெட்டிக்குள்ள என்னதான் இருக்கு?

— பிடுங்கிப் போடப் போறீங்க, அதுல என்ன இருந்தா என்ன?

— பிடுங்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும்னு ஒரு ஆசை. ரெண்டு வருஷமாக் கீழயிருந்து பாக்குறேன். கம்பம் வெயில்ல மினுங்கிக்கிட்டு நிக்கும். கொஞ்ச நாளா மினுக்கத்தைக் காணோம், தூசி படிஞ்சிருக்கும்னு நினைச்சேன். மேகம் கணவாய் வரைக்கும் வருது, எட்டிப் பாக்குது, திரும்பிப் போயிருது. அந்த டப்பா எதுக்கு?

— பெய்யுற மழையை அளக்குறதுக்கு.

— குடிக்கிறதுக்குன்னு கீழ பேச்சு.

— கையை விட்டுப் பாருங்க. ஒரு ஈ செத்துக் கிடக்கு, அவ்வளவுதான்.

— அது கிடக்கட்டும். பெட்டியைச் சொல்லும்.

— தரைக்குள்ள ஒரு காது புதைச்சிருக்கு, மதினி. மேலயிருந்து பனிக்கட்டி பேந்து ஏரிக்குள்ள விழுந்தா, அந்தக் காதுக்குக் கேக்கும். காது பெட்டிக்குச் சொல்லும், பெட்டி கம்பத்துக்குச் சொல்லும். கம்பம் கீழ பள்ளிக்கூடத்துக் கூரையில இருக்கிற சைரனுக்குச் சொல்லும். சைரன் அலறினா எல்லாரும் போட்டதைப் போட்டுட்டு மேட்டுக்கு ஓடணும். இதுக்குத்தான் இவ்வளவும்.

— ஓட நேரம் இருக்குமா?

— ஒரு வாய் இலை மெல்லுற நேரம். அதுக்குள்ள ஏரித் தண்ணி கரையை உடைச்சுக்கிட்டு ஹசிந்தா வீட்டு வாசல்ல நிக்கும்.

— எம்மவளை ஏன் இதுல இழுக்குறீரு?

— நான் எங்க இழுத்தேன்? ஓடைக்கரையில முதல் வீடு அவ வீடுதானே. பிள்ளை பெத்து இருபது நாள்கூட ஆகலை, அதனால சொன்னேன்.

— அய்யோ, அது என்ன சத்தம்?

— ஒண்ணுமில்லை, மலை கொட்டாவி விடுது. பனி விரிசல் விடுற சத்தம். முன்ன மாசத்துக்கு ஒருக்கா கேக்கும். இப்ப நாளைக்கு நாலு தரம்.

— ஏன் விரியுதாம்? உம்ம என்ஜினியருங்க என்ன சொல்றாங்க? கூட்டத்துல வந்து படம் போட்டாங்க, எனக்குத் தூக்கம் வந்துருச்சு.

— எங்கயோ தூர தேசத்துல காரும் ஆலையும் விடுற புகை, வானத்துல போர்வை மாதிரி தங்கிப்போகுதாம். பூமிக்கு வேர்க்குதாம். அதுல நம்ம பனி உருகுதாம்.

— பாத்தீரா? நாம பாக்காத தேசத்துல, நாம ஏறாத காரு விட்ட புகை, நம்ம தலைக்கு மேல இருக்கிற பனியை உருக்கிருச்சு. இதை நாம நம்பணும். நம்ம மண்ணுல, நம்ம கண்ணு முன்னால நட்ட கம்பம் நம்ம மேகத்தை விரட்டுதுன்னு சொன்னா மட்டும் அது மூடத்தனம். நல்லாத்தான் இருக்குய்யா நியாயம்.

— இதையேதான் நானும் அவங்ககிட்டக் கேட்டேன்.

— என்ன சொன்னாங்க?

— அளந்து பாத்தோம்னாங்க.

— அளந்தவன் ஒண்ணு சொல்றான், அளக்காதவன் ஒண்ணு சொல்றான். பாதிரியார் நம்ம பாவம்ங்கிறாரு. நிக்கனோர், சுரங்கக்காரன் மழை இல்லாம தோண்டத்தான் கம்பம் நட்டான்ங்கிறான். வாராஸ் டவுன் ரேடியோவுல ஒரு பெரிய மனுஷன், பூமி சூடாகுறதும் குளிருறதும் ஆதிகாலத்துலருந்து நடக்குறதுதான், மனுஷன் கையில ஒண்ணுமில்லைங்கிறாரு. அவரும் படிச்சவருதானே. நான் எந்தப் படிச்சவரை நம்புறது?

— அவரு பேசினதை நானும் கேட்டேன். நல்ல குரலு. ஆனா ஒண்ணு, மதினி. மனுஷன் கையில ஒண்ணுமில்லைன்னா கம்பத்தை ஏன் பிடுங்கணும்? கம்பமும் மனுஷன் கை நட்டதுதானே?

— இந்த வாய் உம்ம அண்ணனுக்கு இருந்திருந்தா அவரு ஊர்த்தலைவராயிருப்பாரு, நான் நிம்மதியா வீட்டுல இருந்திருப்பேன்.

— இன்னொண்ணும் கேக்குறேன். செப்டம்பர்ல சரிவுல புல்லை எரிக்கிறோமே, எதுக்கு?

— தெரியாத மாதிரி கேக்குறீரே. மழையைக் கூப்பிடத்தான். புகை மேல போனா மேகம் கூடும்.

— அப்ப புகை வானத்துக்குப் போய் வேலை பாக்கும்.

— பாக்காமலா இத்தனை தலைமுறையா எரிக்கிறோம்?

— ஒரு மலைச்சரிவுப் புகைக்கு மேகம் வரும்னா, உலகத்துப் புகையெல்லாம் ஒண்ணு சேந்தா என்ன பண்ணும்?

— இரும். அவசரப்படுத்தாதீரு, யோசிக்க விடும்.

— யோசிங்க. நான் கிழங்கு திங்கிறேன்.

— சரி. புகை வேலை பாக்குது, ஒத்துக்குறேன். அதுக்காகக் கம்பம் வேலை பாக்கலைன்னு ஆயிருமா? ரெண்டும் பாக்கலாமே. கம்பம் நட்ட வருஷம்தான் மழை குறைஞ்சுச்சு, இந்த வருஷம் நின்னே போச்சு. இதுக்கு என்ன சொல்றீரு?

— அதுக்குப் பதில் இருக்கு. சொன்னா என் வேலை போயிரும்.

— அது மத்தியானம் எப்படியும் போகத்தான் போகுது. சும்மா சொல்லும்.

— யார்கிட்டயும் சொல்லக் கூடாது.

— உம்ம அண்ணன் மேல சத்தியம்.

— அக்டோபர்ல நானும் உங்களை மாதிரிதான் நினைச்சேன், மதினி. எனக்கும் கீழ ஒரு துண்டு நிலம் காஞ்சு கிடக்குல்ல. இந்தக் கம்பத்தைப் பாக்கப் பாக்க வயிறு எரிஞ்சுச்சு. ஒருநாள் காலையில எந்திரிச்சு கம்பியெல்லாம் கழட்டிட்டேன். கம்பத்தைச் சாய்ச்சுத் தரையில போட்டு, மேல சாக்கைப் போட்டு மூடிட்டேன். மேகத்துக்குத் தெரியக் கூடாதுன்னு. என்ஜினியர் ரெண்டு தரம் போன் பண்ணாரு. பேட்டரி போச்சுன்னேன். புதுசு கொண்டாரேன்னாரு, இன்னும் கொண்டுவர்றாரு.

— அதான் மினுங்கலையா?

— அதான்.

— எவ்வளவு நாளு?

— மூணு மாசம். நேத்துச் சாயங்காலம்தான் திரும்ப நிமித்தினேன். கீழ மழை பெஞ்சுச்சா, மதினி?

— ஒரு சொட்டு இல்லை.

— இங்கயும் இல்லை.

— அப்ப கம்பம் இல்லைய்யா. கம்பம் ஒண்ணும் பண்ணலை.

— பாவம், அது படுத்துத்தான் கிடந்துச்சு.

— இரும், இரும். அப்ப மூணு மாசமா இந்த ஏரிக்குக் காவலே இல்லையா?

— நான் கண்ணால பாத்துக்கிட்டே இருந்தேன்.

— கண்ணால பாத்து? விழுந்தா நீரு என்ன, இங்கயிருந்து கத்துவீரா? பாவி மனுஷா, எம்மவ அங்க நிறைமாசமாக் கிடந்தாளே.

— திட்டுங்க. எனக்கு வேணும். அதை நினைச்சு நினைச்சுத்தான் உடம்பு பாதியாப் போச்சு.

— அப்புறம் என்ன நேத்து திடீர்னு ஞானம் வந்துச்சு? நிக்கனோர் வர்றான்னு தெரிஞ்சுபோச்சா?

— நிக்கனோருக்காக இல்லை. கல்லுக்காக.

— எந்தக் கல்லு?

— வந்ததும் கேட்டீங்களே, அண்ணன் உக்காருற கல்லு. நான் அதைத் தொடக்கூட இல்லை, மதினி. இருந்த இடத்துலயேதான் இருக்கு. இப்படி வாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு பாருங்க. வெயில் விழுற பக்கம். வெள்ளையாத் தெரியுதா?

— தண்ணிக்குள்ளயா இருக்கு?

— சிலுவைக்கு மேல இடுப்பளவு நிக்குது. வடிகால் குழாய் ரெண்டும் நிறைஞ்சு ஓடுது, அப்பவும் ஏறுது.

— மழையே இல்லையே.

— இல்லை.

— அப்ப இவ்வளவு தண்ணியும் எங்கிருந்துய்யா வந்துச்சு?

— நிமிந்து பாருங்க. அந்தக் கறுத்த பாறை தெரியுதே, போன வருஷம் அது வரைக்கும் பனி இருந்துச்சு.

— ஆமா. அங்கதான் உம்ம அண்ணன் திருவிழாவுக்குப் பனிக்கட்டி வெட்டி எடுப்பாரு. எனக்குப் பயமா இருக்கு, கொழுந்தனாரே.

— எனக்கும்தான்.

— யாரு விட்ட புகைன்னு அப்புறம் சண்டை போட்டுக்கலாம். ரேடியோக்காரரையும் ஒருநாள் கூட்டிட்டு வந்து இங்க நிறுத்திக் கேப்போம். இப்போதைக்குக் கம்பம் நிக்கட்டும்.

— நிக்கனோர்கிட்ட என்ன சொல்வீங்க?

— ஒண்ணும் சொல்ல மாட்டேன். கடப்பாரையைக் கீழ வச்சுட்டு இங்க குனிஞ்சு பாருடான்னுவேன். எண்பது பேரும் வரிசையாக் குனியட்டும். கம்பியெல்லாம் சரியா மாட்டியிருக்கீரா?

— மாட்டிட்டேன். பச்சை விளக்கு எரியுது பாருங்க. இனி மேலயிருந்து ஒரு துண்டு பேந்தாக்கூட, அந்த நிமிஷமே பள்ளிக்கூடத்துல சைரன் அலறும். ஹசிந்தா பிள்ளையைத் தூக்கிட்டு மேட்டுல ஏறிருவா. தைரியமா இருங்க. என்ன மதினி, முகம் இப்படி வெளுத்துப்போச்சு?

— கீழ ஆக வேண்டியதை முடிச்சாச்சுன்னு சொன்னேனே.

— ஊர்க்கூட்டத்தைத்தானே சொன்னீங்க?

— சைரனை முந்தாநேத்தே இறக்கிட்டோம்யா. அந்தத் தகரக் குழாய் இப்ப எம்மவ வீட்டு முற்றத்துல கிடக்கு, அதுக்குள்ள அவ கோழி அடைகாக்குது.