மூச்சில்லாத பாட்டு

முதலில் அந்த மின்விசிறியை நிறுத்திவிட்டால் நல்லது, ஐயா. உங்களுக்கு அது காதில் விழாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன முனகல் வருகிறது, பல்வலிக்காரன் தூக்கத்தில் முனகுவது போல. நீங்கள் பதிவு செய்யும் என் பேச்சுக்கு அடியில் அதுவும் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு யாரோ ஓர் அப்பாவி உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டு எழுத வேண்டும். அதே தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்.

நன்றி. இப்போது உங்கள் நாற்காலி மட்டும்தான் கிறீச்சிடுகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

என் வேலை ஒலித்தொகுப்பு. சினிமாவில் உங்கள் காதில் விழுவதெல்லாம் மற்றவர்கள் செய்தது. விழாமல் இருப்பது நான் செய்தது. இருமல், செருப்புச் சத்தம், வசனத்துக்கு நடுவே யாரோ விட்ட ஏப்பம், எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுவேன். ஒலிநாடாவை பிளேடால் வெட்டி ஒட்டுகிற பழைய முறைதான். எங்கள் இயக்குநர் பிடிவாதமாக அதைத்தான் கேட்பார். எனக்கும் அது பிடிக்கும். வெட்டிய சத்தத்தைக் கையில் எடுத்துப் பார்க்க முடிகிறதே, அதில் ஒரு நிறைவு இருக்கிறது. வேலையில்லாத நேரத்தில் மொழிபெயர்ப்பு நாவல் படிப்பேன். பனி, குதிரைவண்டி, ஜன்னலோரம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கும் அழகிகள். அந்த நாவல்களில் எவளும் வயிற்றுவலியால் சாவதில்லை. நெஞ்சுநோய்தான். கைக்குட்டையில் ஒரு துளி சிவப்பு தெரியும், அடுத்த அத்தியாயத்தில் ஆள் இருக்க மாட்டாள்.

ஆகவே ஒரு பழைய இத்தாலிய ஓபராவைப் படமாக்கப் போவதாக இயக்குநர் சொன்னபோது குழுவிலேயே அதிகம் மகிழ்ந்தவன் நான்தான். ஓபரா என்றால் முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம். தாகம் எடுத்தால் தண்ணீரைக்கூடப் பாடித்தான் கேட்க வேண்டும். இந்தக் கதையில், கண்ணாடி ஊதுபவனின் மகள் ஒருத்தி, சிறையிலிருக்கும் காதலனை மீட்க ஊரிலேயே பெரிய கண்ணாடிக் கோளத்தை ஊதிக் கொடுக்கிறாள். கோளம் உருவாகிறது, நெஞ்சு கிழிகிறது. அப்புறம் படுக்கையில் கிடந்தபடி, ஊரில் ஒருவரையும் விடாமல் விடைபெற்றுப் பாடிவிட்டு, சாவகாசமாகச் சாகிறாள். நெஞ்சு கிழிந்தவளுக்கு இவ்வளவு பாட்டா என்று இத்தாலியில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

அந்தப் பாட்டைப் பாடியவள் என் அக்கா. கூடப்பிறந்தவள். எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவில் அக்கா ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். அவள் குரல் எந்தச் சாவித்துவாரத்திலும் நுழையும். வாத்தியங்களை ஒரு நாடாவிலும் அவள் குரலைத் தனியாக வேறொரு நாடாவிலும் பதிவு செய்தோம். அன்று பதிவு அறையில் அவளோடு உட்கார்ந்திருந்த எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். அதையும் நான்தான் பிறகு எடுக்க வேண்டியிருந்தது.

நடிப்பவள் வேறு. குழுவில் அவளைச் சிட்டு என்று கூப்பிடுவார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் முகம். முகம் சிட்டுவுடையது, குரல் அக்காவுடையது, படத்தின் தொடக்கத்தில் இருவர் பெயரும் வரும் என்றுதான் பேச்சு. ஒரு நாள் இயக்குநர் என் அறைக்கு வந்து, தாடியைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "உங்க அக்கா பேர் வேணாம்ப்பா. போட்டா மாயம் கலஞ்சிடும். சிட்டுதான் பாடறான்னு ஜனங்க நம்பணும்."

அக்காவிடம் சொன்னேன். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "போகட்டும்டா. வீடு கட்டுன கொத்தனார் பேர வாசல்ல எழுதியா வைக்கறாங்க? எனக்கே இல்லாத கோவம் உனக்கு எதுக்கு? மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத, பாக்க சகிக்கல."

எனக்குக் கோபம் இல்லை, ஐயா. இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நியாயம் என்று ஒன்று உண்டே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மூச்சை எடுக்கும் யோசனையும் என்னுடையது இல்லை. இயக்குநர்தான் பாட்டைக் கேட்டுவிட்டு முகம் சுளித்தார். "உங்க அக்கா மூச்சு இழுக்கறது துருத்தி மாதிரி கேக்குது. மேடைன்னா கடைசி வரிசைக்கு அது போய்ச் சேராது. இங்க திரையில மூக்கே ஒரு ஆள் உயரம். சாகப் போறவ எங்கேருந்து இவ்வளவு காத்த இழுக்கறா? ரெண்டு மூணு இடத்துல எடுத்துடு."

எடுத்தேன். மூச்சு இருந்த இடத்தை வெட்டிவிட்டு, அதற்கு முந்தைய சுரத்தின் வாலைப் பிரதியெடுத்து அதே நீளத்துக்கு ஒட்டினேன். பாட்டின் நீளம் மாறவில்லை, வாத்தியங்களோடு இம்மியும் பிசகவில்லை. இரண்டு வரிகள் ஒரே வரியாகின. கேட்டால் மயிர்க்கூச்செறியும். வெட்டிய துண்டுகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. என்ன இருந்தாலும் அக்காவின் மூச்சு. ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தேன்.

சிட்டு பயிற்சிக்கு என் அறைக்குத்தான் வருவாள். சும்மா வாயசைத்தால் போதாது, நாடாவோடு சேர்ந்து வாய்விட்டுப் பாட வேண்டும், அப்போதுதான் தொண்டை நரம்பு மெய் சொல்லும் என்பது இயக்குநரின் கட்டளை. சத்தமில்லாமல் மூக்கால் இழுத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

"தோள் ஏறிடும்ணா," என்றாள். "கேமரா பாத்துடும். அக்கா மூச்சு விடாத இடத்துல நான் விட்டா அது திருட்டு."

என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். வரும்போதெல்லாம் வாசலில் நின்று, "உள்ள வரலாமா, இல்ல என் செருப்புச் சத்தத்தையும் வெட்டிடுவீங்களா?" என்பாள். நல்ல பெண். இதை நான் மறைக்கவே இல்லை.

ஒரு நாள் பாடி முடித்தவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள். இன்ஹேலர். நான் பார்த்துவிட்டதைப் பார்த்துவிட்டாள்.

"சின்ன வயசுலேருந்து வீசிங் இருக்குண்ணா. தெரிஞ்சா வேற ஆளப் போட்டுடுவாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, ப்ளீஸ்."

விடவில்லை. இயக்குநரிடம் சொல்லவில்லை, அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. கொடுத்த வாக்கை இன்று இந்த அறைக்கு வரும்வரை காப்பாற்றினேன். இதைத் தனியாகக் குறித்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

அதற்குப் பிறகுதான் இயக்குநர் சொல்லாத ஒரு மூச்சை எடுத்தேன். காரணம் எளிது. ஓரிடத்தில் சிட்டுவால் முடியாமல் போனால் போதும். படப்பிடிப்புத் தளத்தில், எல்லோர் முன்னாலும், இது என்னால் ஆகாது, அந்த அம்மாவால்தான் ஆகும் என்று அவள் வாயால் வந்துவிட்டால் போதும். அக்காவின் பெயர் தானாகத் திரைக்கு வந்துவிடும். ஆளைப் புண்படுத்தாத வழி இல்லையா?

மறுமுறை வந்தபோது அந்த இடத்தில் தடுமாறினாள். "அண்ணா, இங்க ஒரு சின்ன சந்து இருந்துச்சே?"

"உனக்கு அப்படித் தோணுதும்மா," என்றேன்.

"சரி, என் தப்பாத்தான் இருக்கும்." உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி பாடினாள். அடுத்த வாரம் அந்த இடத்தைத் தாண்டிவிட்டாள். கைதட்டிப் பாராட்டினேன். அவள் போன பிறகு இன்னொன்றை எடுத்தேன். அதையும் தாண்டினாள். மாடிப்படி ஏறும்போது மூச்சைப் பிடித்துப் பழகுகிறாளாம், பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது பழகுகிறாளாம். நான் எடுக்க எடுக்க அவள் வளர்ந்துகொண்டே போனாள். சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு கட்டத்தில் எனக்கே அவள்மேல் மரியாதை வந்துவிட்டது. ஒரே ஒரு முறை தோற்றிருந்தால் இன்று உயிரோடு இருப்பாள். தோற்கத் தெரியாதவர்களுக்கு வரும் கேடு இது.

அக்கா வேறு நடுவில் புகுந்தாள். ஒரு மதியம் என் அறைக்கு வந்தவள் சிட்டுவின் வயிற்றில் கையை வைத்து, "நெஞ்சுலேருந்து இழுக்காதடி, இங்கேருந்து இழு. ம்... அப்படித்தான். பாரு, கோழிக்குஞ்சுக்குள்ள எவ்வளவு எடம் இருக்கு!" என்று சொல்லிக்கொடுத்தாள். இருவரும் என் நாற்காலிகளில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிறு வயதில் அக்கா சாதகம் செய்யும்போது அவள் வயிற்றில் கைவைத்து மூச்சு எங்கே நிறைகிறது என்று சொல்வது என் வேலை. அன்று நான் நாடாவின் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேலை இருந்தது.

சாவுக்காட்சி எடுக்கிற நாள் காலையில் எனக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. மிச்சம் இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒரே இழை. அக்காவாலேயே பாட முடியாத அக்காவின் பாட்டு. அத்தனை சுத்தமான ஒன்றை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை.

தளத்தில் பெரிய கட்டில், வெள்ளைப் போர்வை, ஜன்னலுக்கு வெளியே அட்டையில் செய்த பனி. சிட்டுவுக்கு அந்தக் காலத்து உடை. முதுகில் இரண்டு பெண்கள் உடையின் கயிறுகளை இழுத்து இழுத்துக் கட்டினார்கள். படுக்கப் போகுமுன் என்னிடம் வந்து இன்ஹேலரைக் கையில் திணித்தாள்.

"இந்த டிரஸ்ல பையே இல்லண்ணா. நீங்க வச்சுக்கோங்க. நான் கை காட்டினா ஓடி வரணும், சரியா? வராட்டி பேயா வந்து உங்க டேப்புல எல்லாம் இருமுவேன்."

சட்டைப் பையில் வைத்துப் பொத்தானும் போட்டுக்கொண்டேன். நம்பிக் கொடுத்த பொருள் அல்லவா.

நாடாவை ஓடவிட்டேன். அவள் பாட ஆரம்பித்தாள். முதல் சந்து வர வேண்டிய இடம் வந்தது, வரவில்லை. அவள் கண் ஒரு கணம் என் பக்கம் திரும்பியது. கேள்விதான் கேட்டது, குற்றம் சாட்டவில்லை. தன் தப்பு என்றே நினைத்திருப்பாள். தொடர்ந்து பாடினாள். உதடு நீலம் பாரித்தது. இயக்குநர் ஒப்பனைக்காரரைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தினார். பாவம், ஒப்பனைக்காரர், எப்போது அந்த நீலத்தைப் பூசினோம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். போர்வையின் மேல் அவள் கை எழுந்து என் திசையில் விரிந்தது. "அற்புதம்," என்று இயக்குநர் முணுமுணுத்தார். கடைசிச் சுரத்தில் கை விழுந்தது.

நாடாவை நிறுத்தும் பொத்தானின் மேல்தான் என் விரல் இருந்தது. ஆனால் பாட்டை நடுவில் நிறுத்துவது எங்கள் வீட்டில் பழக்கமில்லை.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டலுக்கு அவள் எழவில்லை. முதலில் அதையும் நடிப்பு என்றே நினைத்தார்கள்.

மருத்துவர் இயற்கை மரணம் என்று எழுதினார். வீசிங் இருந்ததை மறைத்துவிட்டாளே என்று இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து, இறந்தவளுக்கு மரியாதையாகப் பாடியதும் அவளே என்று படத்தில் போட்டுவிடலாம் என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே சம்மதித்தாள். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

அப்புறம் அக்கா அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்றாள். என் அறையில், சிட்டு உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, தன் வயிற்றில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். தான் மூச்சு இழுத்த ஒவ்வோர் இடத்திலும் பழக்கதோஷத்தில் அவள் வயிறு எழுந்தது. பாட்டு அவளுக்காக நிற்கவில்லை.

"நான் எங்கடா மூச்சு விடறேன் இதுல?"

"எடுத்துட்டேன்க்கா. எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு."

"அந்தக் குழந்த இதுக்கா பாடுச்சு?"

பதில் சொல்வதற்குள் எழுந்து போய்விட்டாள். உங்கள் காவல் நிலையத்துக்குத் தொலைபேசி செய்தது அவள்தான் என்று எனக்குத் தெரியும். கோபத்தில் செய்திருக்கிறாள். அக்காவின் கோபம் ரொம்ப நாள் நிற்காது.

தகர டப்பா இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. துண்டுகளையெல்லாம் வரிசையாக ஒட்டி ஒரே சுருளாக்கியிருக்கிறேன். போட்டுக் கேளுங்கள், கடலோரத்தில் நிற்பது போல இருக்கும். எல்லாம் அக்காவுடையவை, கடைசித் துண்டைத் தவிர. கட்டிலுக்கு மேலே ஒரு மைக் தொங்கியது. அதன் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டியிருந்தவன் நான் ஒருவன்தான். பாட்டு முடிந்து எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது, அதற்கு அடியில் சிட்டு ஒரு மூச்சு இழுத்தாள். சின்னதுதான், ஆனால் வயிற்றிலிருந்து, அக்கா சொல்லிக்கொடுத்தபடியே. பிறகு இன்னொன்றுக்கு முயற்சி செய்வது கேட்டது. செத்த நாயகி மூச்சு விடக் கூடாதே, இதை மறக்காமல் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சட்டைப் பையின் பொத்தான் போட்டபடியே இருந்தது. கைதட்டல் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்காகத்தான் எல்லாம். ஒரு நாள் அவள் வருவாள், இந்தச் சுருளைப் போட்டுக் காட்டுவேன். அதில் வேறொருத்தியின் மூச்சு இருப்பது அவளுக்கே தெரியாது, அப்படி ஒட்டியிருக்கிறேன்.

நீங்கள் வெகுநேரமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், ஐயா. விடுங்கள். இன்று என் கையில் பிளேடு இல்லை.